ஓரம் தொடாத கை

அத்தியாயம் 14

தப்பாகப் போனால் அது அத்தையின் தப்பு இல்லை, மெஷினின் தப்பு என்று துர்காதேவி போன வாரமே சொல்லியிருந்தாள். அம்சவேணிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவள் பார்த்த உலகத்தில் தப்பு எப்போதும் மனுஷன் தலையில்தான் விழும். மெஷின் தலையில் விழுந்து அவள் பார்த்ததில்லை.

அந்த மெஷின் கடைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. சாப்பாட்டு மேஜை அகலத்தில் ஒரு தொடுதிரை. சேலை விரிக்கும் மேடையில், வெள்ளை விரிப்பின் மேல் மல்லாந்து கிடக்கிறது. மவுஸ் கிடையாது. கீபோர்டு கிடையாது. கை ஒன்றுதான்.

மருமகள் துர்கா வேலை பார்க்கும் கம்பெனி இப்படிப்பட்ட பெரிய திரைகளுக்கென்று புதிதாக ஓர் ஓ.எஸ்., அதாவது மெஷினை இயக்குகிற மென்பொருள், செய்துகொண்டிருந்தது. அதை உலகத்துக்கு விடும் முன், கம்ப்யூட்டரே தொடாத கைகள் அதை எப்படித் தொடுகின்றன, தொட்டால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கின்றன என்று பார்க்க வேண்டும். பார்ப்பது துர்காவின் வேலை. மாமனாரின் பட்டுக் கடையை அவள்தான் காட்டினாள். சொந்தக் கடை என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினாள்.

இன்றைக்குக் கடைசிச் சோதனை. கடைப் பெண்கள் யார் உதவியும் இல்லாமல் அந்தத் திரையை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காஞ்சிபுரத்தில் அந்த வேலை முடிந்தது. துர்கா பெங்களூர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அம்சவேணியின் மகன் தினேஷுக்கோ ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனியில் நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆளுக்கு ஒரு ஊர் என்பதை வீட்டில் யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததால்தான் வீடு முழுக்க அது உட்கார்ந்திருந்தது.

காலையில் துர்கா கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, தினேஷ் சமையலறை வாசலில் வந்து நின்றான். தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி சொம்பை எடுத்தான். குடிக்கவில்லை.

"அம்மா, இன்னிக்கு கடைசியா ஒரு கேள்வி வரும். இதே சேலைய வேற கலர்ல காட்டுன்னு கேக்கும். சேலையப் போட்டு நோண்டிக்கினு இருக்காத. திரை ரைட் சைடு ஓரம் இருக்குது பாரு, கடைசி ஓரம், அங்க விரல வச்சு உள்ள இழு. கலருங்க எல்லாம் வந்துடும்."

"அவ சொல்லச் சொன்னாளா?"

"அவளா? செத்தாலும் சொல்ல மாட்டா. லாப்டாப்ல பண்ணிக்கினு இருந்தப்ப பின்னாடி நின்னு பாத்தேன்."

"இது திருட்டுடா."

"திருட்டுதான். நீ தோத்தா அவ பெங்களூர் போறா. நான் இங்க போல்ட் முறுக்கிக்கினு இருப்பேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை மூஞ்சியப் பாத்துக்கலாம். பரவாயில்லியா உனக்கு?"

அம்சவேணி அடுப்பை அணைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. தினேஷ் சொம்பை வைத்துவிட்டுப் போனான்.

கடைக்கு நடந்து போகும்போது அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். வலது பக்கம். கடைசி ஓரம். விரலை வை. உள்ளே இழு. குழந்தைக்குக்கூட வரும்.

மருமகளுக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்வது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்தத் திரை. அம்சவேணிக்கு அதைப் பிடித்துப் போயிருந்தது. வாடிக்கைக்காரர்கள் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசுவார்கள். ஊன்றிய கை எது, கேட்கிற கை எது என்று அதற்குத் தெரிந்தது. ஊன்றிய கைக்கு அது பேசாமல் கிடக்கும். கேட்கிற விரலுக்கு உடனே பதில் சொல்லும். கடையில் இருபது வருஷம் நின்ற ஆட்களுக்கே இந்தப் புத்தி வருவதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று முதல் வாரத்தில் நடந்தது. திரையில் ஒரு சேலையை விரித்ததும் அம்சவேணி பழக்கத்தில் முழுக் கையால் ஒரு வீச்சு வீசினாள். சேலையைப் புரட்டிப் பின்பக்கம் காட்டுகிற வீச்சு. காஞ்சிபுரத்தில் பின்பக்கம் பார்க்காமல் யாரும் பட்டு எடுப்பதில்லை. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. "திரும்பும்னு பாத்தேன், திரும்பல" என்று சொல்லிவிட்டு அவள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். துர்கா ஏதோ தட்டிக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே மாதிரி கையை வீசினால் சேலை புரண்டு பின்பக்கம் தெரிந்தது. இழை முடிச்சுகூடத் தெரிந்தது.

"அது எப்பிடிம்மா?" என்று கேட்டதற்கு, "நீங்க கேட்டீங்க, செஞ்சுட்டாங்க" என்றாள் துர்கா.

அம்சவேணி கேட்டதைச் செய்தவர்கள் அவள் வாழ்க்கையில் அதிகம் பேர் இல்லை.

கடையில் எல்லாம் தயாராக இருந்தது. மேடைக்கு மேல் ஒரு சின்னக் கேமரா தொங்கியது. துர்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் சுவர் மாதிரி இருந்தது. சோதனை நடக்கும்போது அவள் தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, புருவத்தைக்கூட அசைக்கக் கூடாது. சொந்த வாழ்க்கை அந்தத் திரையில் கிடக்கும்போது ஒருத்தி இப்படி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார முடிகிறதே என்று அம்சவேணிக்கு வியப்பாக இருந்தது.

முதலில் கலாவதி போனாள். கடையில் சேலை விரிக்கும் பெண்களில் இளையவள், வாய் அதிகம். இரண்டு விரலை வைத்துப் பிரித்தாள். மாம்பழ மஞ்சள் சேலையின் உடம்பு பெரிதாகிப் பெரிதாகி ஒவ்வொரு நூலும் கயிறு மாதிரி நின்றது. "ஐய, நம்ம வூட்ல நெய்யறதுகூட இவ்ளோ கிட்ட நான் பாத்ததில்ல" என்றாள். சேலையைப் புரட்டினாள், மடித்தாள், இன்னொன்றைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஒப்பிட்டாள். கைக்கு மெஷினும் மெஷினுக்குக் கையும் வாகாக இருந்தன.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. இதே சேலையை வேறு நிறத்தில் காட்டு.

கலாவதி சேலையின் உடம்பைத் தட்டினாள். அழுத்திப் பிடித்தாள். முந்தானையைத் தட்டினாள். வலது பக்கம் போனாள். அரக்குக் கரை வரைக்கும் போன விரல் அங்கேயே நின்று திரும்பி வந்தது. மறுபடியும் போனது, மறுபடியும் திரும்பியது. கடைசியில் உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் போன பொன்னியம்மாளும் அதே இடத்தில் தோற்றாள்.

இப்போது அம்சவேணி. முன்னால் வந்ததெல்லாம் சுலபமாக முடிந்தது. கடைசிக் கேள்வி வந்தது. துர்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்சவேணி கையை நீட்டினாள். வலது பக்கம். கடைசி ஓரம். மஞ்சள் உடம்பைத் தாண்டி விரல் போனது. கரைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் நீட்டினாள். மறுபடியும் அதே இடம். கோபம் வந்தது. மூன்றாவது தடவை கை ஓரம் வரைக்கும் போயேவிட்டது. ஆனால் திரையின் மேல் போகவில்லை. உள்ளங்கை மல்லாந்து திரைக்கு அடியில் நுழைந்து, சேலைக் கரையைத் தூக்குகிற மாதிரி கண்ணாடியைத் தூக்கப் பார்த்தது. கலாவதி பின்னாலிருந்து சிரித்துவிட்டாள்.

நேரம் முடிந்தது. திரை தானாக அணைந்தது.

துர்கா எழுந்து கேமராவை நிறுத்தினாள். நன்றி சொன்னாள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. குரலில் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் பின்னறைக்குப் போய், சேலைப் பெட்டிகள் அடுக்கிய சுவரைப் பார்த்து நின்றாள்.

அம்சவேணி பின்னாலேயே போனாள். பேசாமல் இருந்திருக்கலாம். தோற்ற மூன்று பேரில் ஒருத்தியாகவே கிடந்திருக்கலாம். ஆனால் தன் கை தன் பேச்சைக் கேட்காதது அவளை அறுத்துக்கொண்டிருந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"துர்கா, அந்தக் கேள்விக்கு பதில் எனக்குத் தெரியும். ஓரத்துல விரல வச்சு உள்ள இழுக்கணும்."

துர்கா திரும்பினாள். "யார் சொன்னது?"

"உன் வூட்டுக்காரன். காலையில."

துர்காவின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மாறியது. கத்துவாள் என்று அம்சவேணி எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை, அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"இந்த ஒரு மாசம் நான் பண்ணது மொத்தமும் குப்பை அத்தை. விடை தெரிஞ்சவங்கள வச்சு சோதனை பண்றது சோதனையே இல்ல. அவருக்கு இது விளையாட்டா? நீங்களாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

சொல்லியிருக்கலாம்.

அந்த நேரத்தில் முன்பக்கம் யாரோ வாடிக்கை வந்த சத்தம். அம்சவேணியின் புருஷன் நமச்சிவாயம் பில் மேஜையிலிருந்து எழாமலே, தினம் நூறு தடவை சொல்வதைச் சொன்னார். ஐம்பது வருஷமாக அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் சொல்கிற வார்த்தை.

"அம்மா, ஜரிகை மேல விரல் வெக்காதீங்கம்மா. வேர்வை பட்டா கறுத்துடும். அடியில கை குடுத்துத் தூக்குங்க."

பின்னறையில் இரண்டு பேரும் அசையவில்லை. துர்கா மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சுமா உங்க கை போவல?"

"போவலியேம்மா. மூணு வாட்டி பாத்தேன்."

துர்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். திரையைப் போட்டாள். மஞ்சள் சேலை விரிந்தது. திரையின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது அரக்குக் கரை, அதில் பொன் ஜரிகை. நிறங்கள் ஒளிந்திருந்த இடம் அந்த ஜரிகைக்கு நேர் கீழே. பிறகு அவள் வேறொன்று செய்தாள். சேலையை நீக்கிவிட்டு வெறும் நீலத் திரையை வைத்தாள்.

"இப்ப இழுங்க."

அம்சவேணி விரலை ஓரத்தில் வைத்து உள்ளே இழுத்தாள். தடையில்லாமல் வந்தது. துர்கா சேலையைத் திரும்ப வைத்தாள். விரல் நின்றது. நீலம், வந்தது. சேலை, நின்றது.

கடைக்கு வேலைக்கு வருகிற எந்தப் பெண்ணுக்கும் முதல் நாள் சொல்லித் தருவது அது ஒன்றுதான். ஜரிகையைத் தொடாதே. மற்றதெல்லாம் அப்புறம். தலை மறந்தாலும் கை மறக்காது. திரையைச் செய்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. உலகத்தில் எல்லா விரலும் ஓரத்துக்கு ஓடும் என்று நினைத்து அவர்கள் சாவியை ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

"நாம தோக்கல அத்தை" என்றாள் துர்கா. அவள் கண் மின்னியது. அடுத்த நிமிஷமே அணைந்தது. ஏன் என்று அம்சவேணிக்குப் புரிந்தது. விடை தெரிந்தும் கை நின்றது என்பதில்தான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர் இருந்தது. தெரியாமல் தோற்றவர்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பட்டிக்காட்டுப் பெண்களுக்குப் புரியவில்லை என்று பெங்களூரில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தெரிந்து தோற்றவள் ஒருத்திதான். அவளைப் பற்றிச் சொன்னால், அவளுக்கு யார் சொன்னது என்பதையும் சொல்ல வேண்டும்.

தினேஷுக்குப் போன் போனது. அவனுக்கு மதிய ஷிப்ட். பஸ் ஏறப் போனவன் திரும்பி வந்தான். பின்னறையில் மூன்று பேர். அவன் தன் பக்கத்தைச் சொன்னான். யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடலாம். மிஞ்சிப் போனால் பெங்களூர்தானே. விடை வெளியே போனது தெரிந்தால் வேலையே போய்விடும். பெங்களூரும் இருக்காது, காஞ்சிபுரமும் இருக்காது. நியாயமான கணக்குதான். துர்கா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இவங்களால முடியலன்னு பொய் சொல்லச் சொல்றீங்க."

"பொய் இல்லம்மா. முடியலதானே?"

"முடியலன்றது வேற. கை மாட்டேன்னு சொல்றது வேற."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்சவேணி அவனுக்குத் துணைக்குப் போகவில்லை.

பெங்களூரிலிருந்து பேசியவள் கிரேஸ். துர்காவின் மேலதிகாரி. பெரிய பதவி. சொந்த ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாகறல். பேச்சு இன்னும் இந்தப் பக்கத்துப் பேச்சுதான். லாப்டாப்பில் அவள் முகம் வந்ததும் துர்கா மற்றவர்களை வெளியே போகச் சொல்லவில்லை.

"மேடம், ரிசல்ட்டுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கடைசி டாஸ்க்குக்கு விடைய என் வீட்டுக்காரர் அத்தைகிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. என் லாப்டாப்ப பாத்து. லாப்டாப்ப திறந்து வச்சது நான். தப்பு என்னுது."

கொஞ்சம் சுற்றி வளைத்திருக்கலாம். முதலில் நல்லதைச் சொல்லிவிட்டுப் பிறகு இதற்கு வந்திருக்கலாம். கடை வியாபாரத்தில் அப்படித்தான், குறையுள்ள சேலையின் நல்ல மடிப்பை முதலில் காட்டுவார்கள். இவள் குறையை எடுத்து மேலே போட்டாள். அம்சவேணி மருமகளை அன்றைக்கு வரை கெட்டிக்காரி என்று நினைத்திருந்தாள். கெட்டிக்காரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இது வேறு சரக்கு.

"அப்ப உங்க அத்தை பாஸ்" என்றாள் கிரேஸ், வறட்சியாக.

"இல்ல மேடம். தெரிஞ்சும் தோத்தாங்க."

துர்கா நடந்ததைச் சொன்னாள். நீலத் திரையைச் சொன்னாள், சேலைத் திரையைச் சொன்னாள். கிரேஸ் நம்பவில்லை. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, எல்லாரும் ஓரத்தைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதில் நிற்காத விரல் இதில் மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்டாள். துர்கா வாயைத் திறப்பதற்குள் அம்சவேணி முன்னால் வந்து நின்றாள்.

"போன்ல கரை இல்லம்மா. இதுல நீங்கதான் ஜரிகைய கொண்டாந்து ஓரத்துல விரிச்சு வச்சிருக்கீங்க. நெஜச் சேலை கணக்கா இருக்குது. அவ்ளோ நல்லா செஞ்சிருக்கீங்க. அப்புறம் அது மேல விரல வைன்னா எப்பிடி வெக்கிறது?"

தினேஷ் நகத்தைக் கடித்தான்.

"ஆன்ட்டி, நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்றாள் கிரேஸ். "ஆனா எனக்குப் புரிஞ்சா பத்தாது. திரைய செஞ்சவங்க, ஒரே கடை, அதுவும் விடை கசிஞ்ச கடைன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. துர்கா, நாளைக்குக் காலையில நான் வரேன். உங்க கடை வேணாம். அதே தெருவுல வேற கடை. அங்க யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்கக் கூடாது. மெஷினை நானே வெப்பேன். அவங்க கையும் அங்கயே நின்னா ஓரத்த மாத்த வெக்கிறது என் வேலை, நீ காஞ்சிபுரத்துலயே இருந்துக்கோ. நிக்கலன்னா, விடைய வெளிய விட்டது ஒண்ணுதான் மிஞ்சும், அதுக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி மேடம்."

துர்கா லாப்டாப்பை மூடினாள். நமச்சிவாயம் எழுந்து வந்து, மருமகளுக்கு யாராவது சாப்பாடு போட்டீர்களா என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். துர்கா டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்தாள். தினேஷ் எதிரே உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் அதைத் தள்ளிவிடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

கலாவதி வந்து அம்சவேணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மேடைத் தூண் ஓரமாகக் கூட்டிப் போய்ப் போனைக் காட்டினாள். அந்தத் தெருப் பட்டுக் கடைப் பெண்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பின்னறையில் அத்தையும் மருமகளும் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. சிரிப்பாக இருக்கட்டுமே என்று போட்டுவிட்டாள். ஓரத்தில் விரலை வைத்து உள்ளே இழுத்தால் கலர் வருமாம், எங்க அம்சவேணி அக்காவுக்கே கை போகவில்லை, உங்களில் யாருக்காவது தைரியம் இருக்கிறதா என்று.

"இவ்ளோ தூரம் போவும்னு தெரியாதுக்கா. எல்லாருமே பாத்துட்டாங்க. அப்போலேர்ந்து ஆளாளுக்கு ஜரிகை மேல விரல வெச்சுப் பழகிக்கினு கீறாங்க."

அம்சவேணி கடை வாசலுக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம், எதிர்க்கடை முதலாளி இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை விரிப்பில் ஒரு பச்சைச் சேலை கிடந்தது. அதைச் சுற்றி நாலைந்து பெண்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

இந்தப் பேச்சைச் சாயங்காலம் வரைக்கும் தள்ளிப் போடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மருமகள் ஒரு வாய் சாப்பிடட்டும். அப்படித் தோன்றியதுமே, காலையில் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றது நினைவுக்கு வந்தது. திரும்பி உள்ளே போனாள்.

"துர்கா, சாப்பாட்ட அப்பிடியே வச்சிட்டு வா. உனக்குத் தெரியணும்."

துர்கா அவள் முகத்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற கலாவதியைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். அம்சவேணி இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். இரண்டு பேரும் வாசலில் நின்று தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். அந்த விரல்கள் ஜரிகையைத் தொடப் பழகிவிட்டால் நாளைக்கு கிரேஸ் முன்னால் அவை நிற்காது, துர்காவின் வேலையும் நிற்காது. தன் தெருப் பெண்கள் தோற்க வேண்டும் என்று அம்சவேணி ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

எதிர்க்கடையில் உயரமான ஒருத்தி வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, பச்சைச் சேலையின் கரையை நோக்கி விரலை நீட்டினாள். சுற்றி நின்றவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். நடுவில் ஒரு பஸ் வந்து நின்று மறைத்தது. பஸ் நகர்ந்தபோது விரல் கரைக்குப் பக்கத்தில் இருந்தது. அது கரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, ஒரு விரற்கடை முன்னால் நிற்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.